முப்பத்தொன்றுக்கு அடுத்தது

உங்களில் எத்தனை பேருக்கு உங்கள் எண் இன்னும் நினைவிருக்கிறது? தொலைபேசி எண்ணையோ ஆதார் எண்ணையோ நான் கேட்கவில்லை. அந்தக் கோடையில், நம் குடியிருப்புத் தொகுதியின் மொட்டை மாடியில், பச்சைத் துணிப்பைக்குள் கைவிட்டு எடுத்தோமே, அந்த எண்ணைக் கேட்கிறேன். என்னுடையது ஏழு லட்சத்துப் பதினெட்டாயிரத்து இருநூற்று முப்பது. பூஜ்யத்தில் முடியும், எதைக் கொண்டு வகுத்தாலும் இணங்கிப்போகும், சுவாரசியமே இல்லாத எண். கண்ணாடியின் பவர் வருடத்துக்கு வருடம் ஏறுகிற வயதுக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். பிள்ளைகளின் பிறந்த தேதிகூடச் சில சமயம் குழம்புகிறது. ஆனால் அந்தக் கோடையின் எண்களில் ஒன்று மட்டும் எனக்கு மறக்கவே போவதில்லை. அது என்னுடையது அல்ல.

நம்மோடு வளராதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புகளுக்கும் கடலுக்கும் நடுவே, அணு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்காகக் கட்டப்பட்ட நகரியம் அது. சொந்த ஊர் எது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைச் சொல்வோம்: திருநெல்வேலி, கோயம்புத்தூர், தஞ்சாவூர். உப்புக் காற்று ஜன்னல் கம்பிகளைத் தின்றுகொண்டே இருக்கும். துணி உலர்த்தினால் காய்ந்த பிறகும் லேசாகப் பிசுபிசுக்கும். நம் வீடுகளில் மின்சாரம் போனதாக எனக்கு நினைவில்லை. மதிற்சுவருக்கு அப்பால் இருந்த ஊர்களில் மாலையானால் விளக்கு அணைவதை நாம் மாடியிலிருந்து வேடிக்கை பார்த்திருக்கிறோம். அதில் வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. அப்பாமார்கள் எல்லோரும் அறிவியல் சார்ந்த வேலையில் இருந்ததால் விடுமுறை விளையாட்டுகளிலும் அந்த வாசனை ஏறியிருந்தது. அடுத்த தொகுதிக்காரர்கள் நட்சத்திரம் பார்த்தார்கள். நம் தொகுதியில் எண் வளர்த்தோம். என் அப்பா கண்டுபிடித்த விளையாட்டு அது. மனமகிழ் மன்றத்திலிருந்து டம்போலா பையைக் கடன் வாங்கி வருவார். ஒன்று முதல் தொண்ணூறு வரை எண் பொறித்த மரக்காசுகள் அதில் இருக்கும்; ஆளுக்கு மூன்று எடுக்க வேண்டும். அவற்றை வரிசையாகச் சேர்த்துப் படித்தால் ஆறு இலக்க எண் ஒன்று கிடைக்கும். கோடை முடியும்வரை அந்த எண் உங்கள் பொறுப்பு. அதன் குணம், குலம், கோத்திரம் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும். தன்னை விட்டு மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகை தன்னை மிஞ்சினால் மிகை எண், குறைந்தால் குறை எண், சரியாக வந்தால் நிறைவு எண். முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்க வந்தால் மாலைமாற்று. மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மாடியில் எல்லோர் முன்பும் நின்று, பெண் பார்க்க வந்தவர்களிடம் குடும்பத்தைச் சொல்வதுபோல, எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது, எண் பகா எண்ணா, அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாததா, இல்லையா என்று சொல்வது. அதற்கு அப்பா ஒரு எளிய வழி வைத்திருந்தார். எல்லார் வீட்டுச் சுவரிலும் நகைக்கடைக் காலண்டர் தொங்கும். அதில் ஒரு மாதத் தாளில் உள்ள பகா எண்களைச் சிவப்பு மையால் வட்டமிடுவோம்: இரண்டு, மூன்று, ஐந்து என்று தொடங்கி முப்பத்தொன்று வரை. அவற்றால் வகுத்துப் பார்த்தால் போதும். “காலண்டரைத் தாண்டி யாரும் போகவேண்டாம். அதுக்கு மேல மெஷின் பாத்துக்கும்” என்பார். அவர் கணிப்பொறிப் பிரிவில் இருந்தார். அலுவலக நூலகத்தில் படித்த ஒரு கட்டுரையை வைத்துத் தானே ஒரு நிரல் எழுதியிருந்தார். அந்த நிரல் நம்மைப்போல ஒவ்வொரு எண்ணாக வகுத்துக்கொண்டு மெனக்கெடாது. ஏதோ ஒரு சிறிய எண்ணை எடுத்து, அதைத் தன்னோடு தானே, நம் எண் எத்தனையோ அத்தனை தடவை பெருக்கி, நம் எண்ணால் வகுக்கும். நம் எண் பகா எண்ணாக இருந்தால் தொடங்கிய சிறிய எண்ணே மீதியாகத் திரும்பி வரும். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும் என்று அப்பா சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிறுவனின் பெருமை இருக்கும்.

அந்த வருடம்தான் கீழ்வீட்டுப் பெண் வந்தாள். கீழ்வீட்டு மாமா அலுவலகப் பேருந்தின் ஓட்டுநர். அப்பாவும் மற்றவர்களும் தினமும் அவர் வண்டியில்தான் வேலைக்குப் போவார்கள். தொகுதியில் இந்தப் பக்கத்து மண்ணில் பிறந்த ஒரே குடும்பம் அவருடையது. அவர் அப்பா காலம்வரை சொந்தமாக ஒரு சாண் நிலமும் இல்லாமல் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். திருப்போரூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருந்த அக்காவின் மகளை விடுமுறைக்கு அழைத்து வந்திருந்தார். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. இருவரும் ஒன்பதாவது போக வேண்டியவர்கள். நீங்கள் எல்லோரும் என் அப்பாவை ‘அங்கிள்’ என்பீர்கள். அவள், தன் மாமா கூப்பிடுவதைப் பார்த்து, ‘சார்’ என்றாள். அந்த ஒரு சொல்லிலேயே அவள் நம் வரிசையிலிருந்து ஓரடி தள்ளி நின்றாள். யாரும் அவளை உள்ளே இழுக்கவில்லை.

பைக்குள் கைவிட்டு அவள் எடுத்த காசுகள் இருபத்தொன்பது, நாற்பத்துநான்கு, ஒன்பது. ஒன்பதுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தார் அப்பா. இரண்டு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து நானூற்று ஒன்பது.

“இன்னா நம்பரு இது, பஸ் நம்பரு மாரி கீது” என்று சிரித்தாள். அடுத்த நாள் காலையிலேயே மாடிப்படி ஏறி வந்து என்னைக் கூப்பிட்டாள். “ஏய், கூட்டிப் பாத்தியா? எல்லாத்தையும் கூட்டுனா இருவத்தெட்டு வருது. இருவத்தெட்டு நிறைவு எண்ணுன்னு சார் சொன்னாருல்ல? வயித்துக்குள்ள முத்து வச்சிகினு கீது என் நம்பரு.”

காலண்டர் எண்கள் எதுவும் அதை வகுக்கவில்லை. முப்பத்தொன்றுவரை வகுத்து, அப்பா சொன்னபடி நிறுத்திவிட்டாள். நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். அவளால் சும்மா இருக்க முடியவில்லை. மாலையில் கடற்கரைக்குப் போவோம். சவுக்குச் சருகு காலில் குத்தும், ஈர மணலில் நண்டுகள் கோடு போட்டுவிட்டு ஓடும். அவள் பாவாடையை மடித்துக் கிளிஞ்சல் பொறுக்குவாள். பொறுக்கியதை மணலில் சதுரம் சதுரமாக அடுக்குவாள். பதின்மூன்று கிளிஞ்சலை ஒன்பதாகவும் நாலாகவும் இரண்டு சதுரமாக்கலாம். பதினேழைப் பதினாறும் ஒன்றும். எந்த எண் இப்படி இரண்டு சதுரமாக உடைகிறது, எது உடையாது என்று பார்ப்பது அவளே உண்டாக்கிக்கொண்ட விளையாட்டு. அறுபத்தைந்து வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். அறுபத்துநாலும் ஒன்றும். கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினாள்: நாற்பத்தொன்பதும் பதினாறும்.

“இது ரெண்டு வழியா உடையுது பார்றா” என்றாள், ரகசியம் சொல்வதுபோல.

பிறகு தன் பெரிய எண்ணுக்குப் போனாள். அதற்குக் கிளிஞ்சல் போதாது. சிமெண்டுத் தரையில் சாக்பீஸ் கணக்கு. அதற்குள் அடங்கும் மிகப் பெரிய சதுரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வந்தாள். மூன்றாவது முயற்சியிலேயே கிடைத்தது: ஐந்நூற்று நாற்பதின் வர்க்கமும் ஐம்பத்துமூன்றின் வர்க்கமும். நிறுத்தாமல் இறங்கினாள். ஐந்நூற்று இருபத்தெட்டின் வர்க்கமும் நூற்று இருபத்தைந்தின் வர்க்கமும். இரண்டு வழி. அதன் பிறகு கயிறு தாண்டும்போதுகூட அதையேதான் பாட்டாகச் சொல்வாள்: “ஐந்நூத்து நாப்பது அம்பத்திமூணு, ஐந்நூத்து இருவத்தெட்டு நூத்தி இருவத்தஞ்சு.” கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த எனக்கும் அது மனப்பாடமாகிவிட்டது. அந்தக் கயிறு, தாம்புக்கயிற்றில் பச்சை நாடா சுற்றியது, எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மே மாத நடுவில் ஒரு நாள் ஓட்டுநர் மாமா நுங்குக் குலையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றியிருந்தார்.

“சார், நம்ம அக்கா பொண்ணு நல்லா பட்ச்சிகினு கீது. அங்க ஊர் ஸ்கூல்ல பத்தாவதுக்கு மேல கணக்கு குரூப்பே கெடையாது சார். இங்க நம்ம ஸ்கூல்ல ஒம்பதாவதுல ஒரு சீட்டு காலி கீதாம். வெளி ஆளுன்னா யாராச்சும் ஒருத்தர் சொல்லணுமாம். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா உங்க பேச்சுக்கு மரியாத குடுப்பாங்கோ.”

“நான் இல்லாததச் சொல்ல மாட்டேனேப்பா” என்றார் அப்பா. “கடைசி ஞாயித்துக்கிழமை மாடியில எல்லாப் பிள்ளைங்களும் சொல்லப் போறாங்க. அன்னிக்கு அவ எப்படிச் சொல்றான்னு பாத்துட்டு மேடம்கிட்ட பேசறேன்.”

“அது போதும் சார். அது நல்லாச் சொல்லிடும்.”

அன்று நுங்கின் நீர் முழங்கைவரை வழிய, அவளும் நானும் படியில் உட்கார்ந்து ஒரே பெஞ்சில் உட்காரப்போவதைப் பற்றிப் பேசினோம். ஜன்னலோரம் யாருக்கு என்பதில் சின்னச் சண்டைகூட வந்தது.

கடைசி ஞாயிறு உங்களுக்கும் நினைவிருக்கும். வெயில் தாழ்ந்த பிறகும் மாடித் தரை சுட்டது. அம்மாக்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ஆற்றினார்கள். ஓரத்தில் துளை போட்ட கணிப்பொறித் தாளை அப்பா சீட்டுச் சீட்டாகக் கிழித்து, ஒவ்வொருவர் எண்ணுக்கும் மெஷின் சொன்ன தீர்ப்பைக் கையில் கொடுத்தார். மாடிவீட்டு அண்ணன், கோயம்புத்தூர்க்காரர், தன் எண்ணை மாலைமாற்று என்று சொல்லிவிட்டு அரசியல்வாதிபோலக் கும்பிட்டார். ஆறு இலக்க மாலைமாற்று எதுவும் பதினொன்றால் வகுபடாமல் இருக்காது என்பதை முந்தைய வாரம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் கீழ்வீட்டுப் பெண். அதை அவர் சொல்லவில்லை.

பிறகு அவள் எழுந்தாள். ஓட்டுநர் மாமா மாடிக் கதவோரம் நின்றிருந்தார், உள்ளே வரவில்லை.

“என் நம்பரு இருவத்தொம்பது, நாப்பத்திநாலு, சைபர் ஒம்பது. கூட்டுனா இருவத்தெட்டு. காலண்டர்ல கீற எதாலயும் போவாது. ஆனா இது பகா எண் இல்ல.”

அப்பா புன்னகைத்தார். “சீட்டுல என்ன போட்டிருக்கும்மா?”

“பகா எண்ணுன்னு போட்டுகீது. அது தப்பு சார்.”

சிரிப்பு எழுந்தது. அவள் பாவாடை மடிப்பிலிருந்து கிளிஞ்சல்களைக் கொட்டி, ஈரத் தரையில் மளமளவென்று அறுபத்தைந்தை அடுக்கிக் காட்டினாள். கலைத்து, இன்னொரு விதமாக அடுக்கினாள். “அஞ்சு, பதிமூணு, பதினேழு, இருவத்தொம்பது, இதுங்கல்லாம் ஒரே வழிதான் உடையும் சார். ரெண்டு வழியா உடையறது ஒண்ணுகூட பகா எண்ணா இல்ல. முந்நூறு வரிக்கும் பாத்துட்டேன். என் நம்பரு ரெண்டு வழியா உடையுது.” சாக்பீஸால் இரண்டையும் எழுதினாள்.

அப்பா குனிந்து பார்த்தார். அந்தக் கணக்குச் சரி என்று தலையசைத்தார். பிறகு பொறுமையாகக் கேட்டார்: “முந்நூறு வரைக்கும் பாத்தா நிரூபணம் ஆயிடுமா? முந்நூத்தொண்ணுல தப்பிப் போகலாம் இல்லையா?”

அவள் யோசித்தாள். “போவலாம் சார். ஆனா போவாது.”

“சரி, பகா எண் இல்லைன்னா எதாலயாவது வகுபடணும். எதால? ஒண்ணு சொல்லு.”

“அது தெர்ல.”

“தெரியலையே!”

“எதாலன்னு தெர்ல சார். ஆனா எதாலயோ போவுது.”

“மெஷினுக்கே டியூஷன் எடுப்பா போல இருக்குதுங்க!” என்றார் மாடிவீட்டு அண்ணன்.

“உன் நம்பரு பதினொண்ணால போவும்னு நான் சொல்லாங்காட்டி உனக்கே தெரிஞ்சிருக்காது, உக்காரு” என்றாள் அவள், திரும்பாமலே.

அப்பாவின் முகம் லேசாக இறுகியது. “இங்க பாரும்மா. மெஷின் நாலு தடவை, வேற வேற எண்ணை வச்சு, சோதிச்சிருக்கு. நாலு தடவையும் ஒரே பதில். ஆதாரம் கண்ணு முன்னால இருக்கும்போது நம்ம ஆசையை விட்டுடணும். அதுதான் அறிவியல். தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிடு, அடுத்தவங்களைப் பாக்கலாம்.”

கதவோரத்திலிருந்து ஓட்டுநர் மாமா கையை அசைத்தார்: சொல்லிடு, சொல்லிடு. அவள் கிளிஞ்சல்களைப் பார்த்தாள். பிறகு ஒருமுறை என் பக்கம் திரும்பினாள். நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்ல சார்” என்றாள்.

அப்பா சீட்டை அவள் கையிலிருந்து வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி ‘பகா எண்’ என்று படித்தார். நாம் கைதட்டினோம். யாருக்காகத் தட்டினோம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்த மெஷின் மாடியில் இல்லை.

அன்று இரவே அப்பா தலைமையாசிரியையிடம் தொலைபேசியில் பேசியதை அடுக்களையிலிருந்து நானும் அம்மாவும் கேட்டோம். “புத்திசாலிதான் மேடம், சந்தேகமே இல்ல. ஆனா ஆதாரத்தைக் காட்டினாலும் ஒத்துக்க மாட்டேங்குறா. பிடிவாதம். இங்க வந்து ரொம்பச் சிரமப்படுவா. அடுத்த வருஷம் வேணா பாக்கலாமே.” பேசி முடித்ததும் அம்மா கேட்டாள்: “ஒரு சீட்டுதானே, கொடுக்கச் சொல்லியிருக்கலாமே?” அப்பா உண்மையாகவே வருத்தத்தோடு, “எனக்குத் தோணாததை எப்படிச் சொல்றது?” என்றார். அவர் வாழ்நாளில் தெரிந்து பொய் சொன்னவர் அல்லர். அதனால்தான் அவர் சொல்லுக்கு அத்தனை மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு முழுவதும் அன்று அவள்மேல் இறங்கியது. அடுத்த வருடம் பத்தாவது. பொதுத்தேர்வு வகுப்பில் வெளியிலிருந்து யாரையும் சேர்ப்பதில்லை. அப்பாவுக்கு அது தெரிந்திருக்கும். நினைவில் வந்திருக்காது.

மறுநாளே அவள் ஊருக்குப் போய்விட்டாள். ஒன்பதாவதில் ஜன்னலோர இடம் எனக்கே கிடைத்தது.

செங்கல்பட்டில் கல்லூரிக்குப் போனேன், கணிதம்தான். இரண்டாம் வருடத்தில், மழை பிடித்த ஒரு மதியம், எண்ணியல் எடுத்த பேராசிரியை கரும்பலகையில் எழுதினார்: ஒற்றைப்படை எண் ஒன்றை இரு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுத முடிந்தால், அது பகா எண்ணாக இருக்க முடியாது. முந்நூறு வரைக்கும் அல்ல, எப்போதுமே. நிரூபணம் நாலே வரியில் முடிந்தது. என் காதில் தாம்புக்கயிறு தரையில் அடிக்கிற சத்தம் கேட்டது.

அந்த நிரூபணமே வகுத்தியைக் கண்டுபிடிக்கும் வழியும் சொன்னது. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில், பயணச்சீட்டின் பின்புறம் போட்டுப் பார்த்தேன். ஐந்நூற்று நாற்பதிலிருந்து ஐந்நூற்று இருபத்தெட்டைக் கழித்தால் பன்னிரண்டு. நூற்று இருபத்தைந்திலிருந்து ஐம்பத்துமூன்றைக் கழித்தால் எழுபத்திரண்டு. ஒன்றுக்கு ஆறு. ஒன்றின் வர்க்கமும் ஆறின் வர்க்கமும் சேர்ந்தால் முப்பத்தேழு. அவள் எண்ணை முப்பத்தேழால் வகுத்தேன். மீதியில்லாமல் வகுபட்டது. முப்பத்தேழு, எழுபத்துமூன்று, நூற்றொன்பது ஆகிய மூன்றும் பெருகி உண்டானதுதான் அவள் எண்.

காலண்டரில் கடைசிப் பகா எண் முப்பத்தொன்று. அதற்கு அடுத்தது முப்பத்தேழு. அப்பா வைத்த எல்லையிலிருந்து ஒரே ஓர் அடி. அந்த அடியை அன்று மாடியில் இருந்த பெரியவர்கள் ஒருவரும் எடுத்துவைக்கவில்லை, நாமும்தான்.

பேராசிரியையிடம் கேட்டேன். அப்பாவின் நிரல் செய்தது போன்ற சோதனையை ஏமாற்றும் எண்கள் உண்டு, அரிதானவை, எந்தச் சிறிய எண்ணை வைத்துச் சோதித்தாலும் அநேகமாகப் பகா எண்போலவே நடிக்கும் என்றார். அவள் கை அந்தப் பைக்குள் போய் அப்படி ஒன்றை எடுத்து வந்திருக்கிறது. மெஷின் நாலு உதாரணம் பார்த்திருந்தது. அவள் முந்நூறு வரை பார்த்திருந்தாள். இரண்டுமே நிரூபணம் அல்ல. ஆனால் ஒன்றை ஆதாரம் என்றோம், மற்றொன்றைப் பிடிவாதம் என்றோம்.

அன்று மாலை அப்பாவிடம் சீட்டை நீட்டினேன். அவர் வேறொரு தாளில் தானே வகுத்துப் பார்த்தார். பிறகு மறுபடியும் வகுத்தார். “சரியாத்தான் இருக்கு” என்றார். தாளை மடித்துக்கொண்டே, “எண்ணு விஷயத்துல நான் தப்பு. ஆனா அந்தப் பொண்ணு பிடிவாதக்காரின்னு சொன்னது...” என்று இழுத்தார்.

“அவ சொன்னது சரியா இருந்ததாலதானேப்பா பிடிவாதமா இருந்தா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் போய்ச் சொல்லணுமா?” என்று கேட்டபோது அவர் குரல் எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. முதலில் நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

ஓட்டுநர் மாமாவிடம் சும்மா விசாரிப்பதுபோல விசாரித்தேன். “திர்ப்போர்ல, பிளாட்டு ஆபீஸ்ல கீதும்மா. கல்யாணம் ஆயி ஒரு கொயந்த” என்றார், பேருந்தின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

திருப்போரூர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகே, மனை விற்கும் அலுவலகத்தில், சுவர் முழுக்க ஒட்டிய வரைபடத்துக்குக் கீழே அவள் உட்கார்ந்திருந்தாள். கோணல்மாணலான நிலம் ஒன்று அந்தப் படத்தில் கட்டங்களாக வெட்டப்பட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

“இன்னா, இப்பதான் வழி தெரிஞ்சுதா? உக்காரு. டீ சொல்லட்டா?”

நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: அவள் சொன்னதுதான் சரி, அவள் எண் பகா எண் அல்ல, இப்போதுதான் வகுத்தி தெரிந்தது.

“முப்பத்தேயா?” என்றாள்.

நான் தலையசைத்தேன்.

“அது அன்னிக்கே தெரியும். ஊருக்குப் போவ சொல்ல, பஸ்ல சும்மா உக்காந்துகினு இருந்தேன். காலண்டர வுட்டுட்டு மேல போய்ப் பாப்பமேன்னு போட்டேன். மொதல் நம்பருலயே வியுந்துச்சு.” சிரித்தாள். “அடுத்த வாரம் மாமா வந்தாரு. சொன்னேன். இப்பவே வா, சாராண்ட போய்ச் சொல்லலாம்னு குதிச்சேன். மாமா தாளை வாங்கிப் பாத்தாரு. வேணாம் கண்ணுன்னுட்டாரு.”

“ஏன்?”

“அத்தன பேர் எதுர்ல சொன்னவரு. தப்புன்னு போய் நின்னா சாருக்கு மனசு பேஜாராயிடும். நான் தெனம் அவர் மூஞ்சப் பாத்துதான் வண்டி ஓட்டணும்னாரு. அப்பால நானும் வுட்டுட்டேன். எனக்கு சோறு போட்ட மனுசன் அவரு.” டீ வந்தது. என் பக்கம் தள்ளிவைத்தாள். “அங்க கணக்கு குரூப்பு இல்லியா, காமர்ஸ் எட்தேன். இதுவும் கணக்குதான், போ. அந்த மூலைல வர்ற முக்கோண மனைய எவன் தலைல கட்டறதுன்னு.”

நான் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன். அவள் கையமர்த்தினாள். “நீ இன்னா பண்ண? கவுறு புட்ச்ச.” பிறகு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி: “எனக்கு அன்னிக்கே தெரியும்னு சாராண்ட சொல்லாத. மாமாக்கு ரிட்டயர்டு ஆவ இன்னும் ரெண்டு வருசம் கீது.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு எனக்கு எத்தனை வசதியாக இருந்தது என்பதைத் திரும்பி வரும் பேருந்திலேயே உணர்ந்தேன். அவர்கள் தங்கள் பிள்ளையின் படிப்பைக் கொடுத்து அப்பாவின் கௌரவத்தைக் காப்பாற்றியிருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு அதையே செய்தேன். எனக்கு அதில் செலவு எதுவும் இல்லை.

அப்பா வராந்தாவில் காத்திருந்தார். “சொன்னியா, அவ சொன்னதுதான் சரின்னு?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னா?”

“சிரிச்சா.”

அவள் சிரித்தது உண்மைதான். அப்பா நீளமாக மூச்சு விட்டார். “சிரிச்சாளா. நல்ல பொண்ணு. நான் ஒரு நாள் நேர்ல போய்ச் சொல்லிடறேன்.” அந்த ஒரு நாள் வரவில்லை. அவர் கேட்கவில்லை; நானும் நினைவுபடுத்தவில்லை. இன்று அப்பா இல்லை, ஓட்டுநர் மாமாவும் இல்லை. காப்பாற்ற வேண்டிய முகங்கள் போய்விட்டதால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். அதுவும் அவளைக் கேட்டுத்தான். “எய்திக்கோ, இப்ப இன்னா” என்றாள். உங்களில் கைதட்டியவர்கள் ஒரு தாளை எடுத்து, இரண்டு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து நானூற்று ஒன்பதை நீங்களே ஒருமுறை முப்பத்தேழால் வகுத்துப் பாருங்கள். நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள்.

நான் திருப்போரூரிலிருந்து திரும்பியதற்கு மறுநாள் காலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். விடிய விடிய மழை. பேருந்து வழக்கம்போல நம் தொகுதி முன்னால் வந்து நின்றது. அப்பா குடையை மடக்கிக்கொண்டு, மற்றொரு கையில் பையோடு, படியருகே தடுமாறினார். ஓட்டுநர் மாமா இருக்கையிலிருந்து எழுந்து வந்து கதவருகே குனிந்தார். “வணக்கம் சார். பாத்து வாங்கோ, படி வயுக்குது” என்று கையை நீட்டினார். அத்தனை வருடங்களாக எல்லாம் தெரிந்த கை அது. மாடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.